தேடாமல் சொல்லும் ‘கிடைக்காது’

“இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் கிடைக்காதுங்க. உள்ள இருக்கிற மிஷினைத் தூக்கிட்டு பேட்டரி மிஷின் போட்டுத் தந்துடறேன். பத்து நிமிஷம் உக்காருங்க.”

வையம்பட்டியில் பேருந்து ஏறினால் ஒரு பக்கம் மணப்பாறை, திருச்சி, மறுபக்கம் திண்டுக்கல். இரண்டு பக்கமும் போய், சாவி கொடுக்கிற பழைய கைக்கடிகாரம் ஒன்றை நான்கு கடைகளில் நீட்டினேன். நான்கிலும் இதே பேச்சுதான். ஒருவர்கூடப் பின்மூடியைத் திறக்கவில்லை. டயலைப் பார்த்தார்கள், அதில் பாதி அழிந்திருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்கள், கேள்விப்படாத பெயர் என்றதும் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்கள்.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. வீட்டிலும் அதையே சொன்னார்கள். ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்ற மாமா சொன்னார், பெல் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் நண்பர் சொன்னார். கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆயிற்று, செய்தவனும் இல்லை, விற்றவனும் இல்லை, அப்புறம் உதிரிப் பாகம் மட்டும் எங்கிருந்து வரும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. அந்த நியாயத்தை நம்பித்தான் நம் ஊர்ப் பெட்டிகளிலும் பீரோக்களிலும் ஆயிரக்கணக்கான கடிகாரங்கள் செத்துக் கிடக்கின்றன. அது தப்பான நியாயம். பழைய கைக்கடிகாரங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டிய பாகம் எங்கோ ஒரு டப்பாவில் இன்றைக்கும் இருக்கிறது. எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதை நாம் மறந்துவிட்டோம். தேடுகிறவனுக்குக் கூலி கொடுக்கவும் மறந்துவிட்டோம்.

என்னிடம் இருப்பது தாத்தா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. இளமஞ்சள் ஏறிய வெள்ளை டயல். மணிக்கும் நிமிஷத்துக்கும் நடுவில் இரண்டு முள். ஆறு மணி இருக்க வேண்டிய இடத்தில் விநாடிக்கென்று தனியாக ஒரு குட்டி வட்டம், அதற்குள் ஊசி மாதிரி ஒரு முள். தாத்தாவுக்குப் பின் அப்பா கட்டினார். ஒருநாள் கிணற்றடித் துவைகல்லில் விழுந்தது. அன்றோடு நின்றது. பத்திரங்கள் வைக்கும் தகரப் பெட்டிக்குள், அந்துருண்டை வாசத்தோடு முப்பது வருஷத்துக்கு மேல் கிடந்தது.

ஐந்தாவதாக நான் போனது கடை என்று சொல்ல முடியாத ஓர் இடம். திருச்சியில் தெப்பக்குளத்துப் பக்கம், ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் கண்ணாடி மூடிய சின்ன மேசை, ஒரு விளக்கு, ஒரு பெரியவர். அவர் டயலைப் பார்க்கவே இல்லை. கவிழ்த்தார், மூடியைத் திறந்தார், லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டார். ஒரு குச்சி முனையால் பேலன்ஸ் சக்கரத்தை மெல்ல ஒதுக்கினார்.

“இங்க பாருங்க தம்பி” என்று லென்ஸை என்னிடம் கொடுத்தார். சக்கரத்துக்குக் கீழே தகட்டில், கடுகில் பாதி அளவுக்கு ஒரு கேடயக் குறி, அதற்குள் ஏ.எஸ். என்று இரண்டு எழுத்து. பக்கத்தில் ஓர் எண்: 1130.

“டயல்ல இருக்கிறது வித்தவன் பேரு. செஞ்சவன் பேரு இதுதான். பேரைக் கேட்டா எவனும் தெரியாதும்பான். நம்பரைக் கேட்டா எடுத்துக் குடுப்பான்.”

நான் மறுக்க வந்த கருத்துக்கு முழுப் பதிலும் அந்த ஒரு பேச்சில் அடங்கியிருக்கிறது. அதன் பின்னணியைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் கடிகாரம் விற்ற கம்பெனிகளில் மிகப் பெரும்பாலானவை மிஷினைச் சொந்தமாகச் செய்யவில்லை. மிஷின் செய்வதற்கென்றே தனி ஆலைகள் இருந்தன. கிரென்ஷன் ஊரில் அடால்ஃப் ஷில்ட் 1896-இல் தொடங்கியது ஏ.எஸ். எஃப்.எச்.எஃப். என்று குறி போடும் ஃபோன்டெனமெலோன் ஆலை 1793-லேயே வந்துவிட்டது. ஈட்டா, யூனிடாஸ் என்று இன்னும் பல. 1926-இல் ஏ.எஸ்., எஃப்.எச்.எஃப்., ஏ. மிஷெல் ஆகிய மூன்றும் சேர்ந்து எபோஷ் என்ற ஒரே குடையின் கீழ் வந்தன. நூற்றுக்கணக்கான கம்பெனிகள் இந்த ஆலைகளிடம் மிஷினை வாங்கி, தங்கள் பெயர் போட்ட டயலை மேலே வைத்து, கூட்டுக்குள் அடைத்து விற்றன. பம்பாயிலும் கொழும்பிலும் சிங்கப்பூரிலும் இருந்த இறக்குமதிக் கடைகள்கூடத் தங்கள் கடைப் பெயரை டயலில் அச்சிட்டு வரவழைத்துக்கொண்டன. அப்படி வந்த ஒரு பெயருக்குப் பாகம் கேட்டால் உலகத்தில் எவனுக்கும் தெரியாதுதான். உள்ளே இருக்கும் 1130 அப்படியல்ல. இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்கள் கையில் கட்டிப் போன கடிகாரங்களிலேயே ஏராளமாக ஓடிய மிஷின் அது.

மணப்பாறை மாட்டுச் சந்தையில் கொம்புக்குப் பூசிய வண்ணத்தைப் பார்த்து யாராவது மாடு பிடிப்பார்களா? வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார்கள், சுழி பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் பக்கத்துச் சின்னப் பையனுக்கும் தெரிந்த விஷயம் இது. கைக்கடிகாரத்தில் மட்டும் கொம்பு வண்ணத்தைப் பார்த்துவிட்டு, மாடு தேறாது என்று எழுந்து போகிறோம்.

எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதியையும் அந்தக் காலத்துக்காரர்களே நமக்காக முடித்து வைத்திருக்கிறார்கள். சுவிஸ் ஆலைகள் உதிரிப் பாகங்களுக்குப் பொது எண் வைத்தன. சாவி கொடுக்கும் தண்டு எந்த மிஷினானாலும் 401. பேலன்ஸ் சக்கரத்தின் அச்சு 723. எஸ்கேப் சக்கரம் 705. மெயின் ஸ்பிரிங் 770. ஆகவே ஏ.எஸ். 1130, பாகம் 723 என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதினால், அதைத் திருச்சியில் காட்டினாலும் ஒன்றுதான், மும்பையில் காட்டினாலும் ஒன்றுதான், ஜெர்மனியில் காட்டினாலும் ஒன்றுதான். மொழியே வேண்டாம். தகட்டில் எண் தேய்ந்துபோயிருந்தாலும் வழி இருக்கிறது. டயலுக்கு அடியில், சாவித் தண்டைப் பிடித்திருக்கும் இரும்புத் துண்டுகள் மிஷினுக்கு மிஷின் வேறு வேறு வடிவத்தில் இருக்கும், கைரேகை மாதிரி. அமெரிக்காவில் போட்ட பெஸ்ட்ஃபிட் என்ற பெரிய அட்டவணை, அந்த வடிவங்களைப் படமாகப் போட்டு, இதைப் பார்த்து இன்ன மிஷின் என்று கண்டுபிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறது. இவ்வளவு ஏற்பாடும் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது, மூடியைத் திறக்காமலே ‘கிடைக்காது’ என்று சொல்வதைத் தொழில் தெரிந்தவர் பேச்சு என்று நான் ஏற்க மாட்டேன்.

இன்னொன்று. எல்லாப் பாகத்துக்கும் எண்கூடத் தேவையில்லை. சாவியைத் திருகத் திருக இறுகாமல் சும்மா சுற்றிக்கொண்டே போகிறதா? பெரும்பாலும் மெயின் ஸ்பிரிங் அறுந்திருக்கும். அகலம், கனம், நீளம், அது சுருண்டு கிடக்கும் டப்பாவின் உள்விட்டம், இந்த நான்கு அளவும் பொருந்தினால் அநேகமாக எந்த ஸ்பிரிங்கும் ஓடும். கண்ணாடிக்கு விட்டம் மட்டும் போதும். சாவிக் குமிழுக்கு மரை அளவும் குழாய் அளவும். கல்லுக்கும் அப்படித்தான்.

கல் என்றதும் நின்று ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியவில்லை. டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று போட்டிருப்பதை நம் வீடுகளில் எத்தனை பேர் பெருமையாகச் சொல்லியிருப்போம்! அந்தக் கற்கள் மண்ணில் விளைந்தவை அல்ல. 1902-இல் பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னாய் வெளியிட்ட முறையில், பொடியை நெருப்பில் உருக்கி வளர்க்கும் செயற்கை மாணிக்கம். அச்சு முனை தேயாமல் சுழல்வதற்காக அதில் துளை போட்டு வைக்கிறார்கள். திருச்சிக்காரர்களுக்குச் செயற்கைக் கல் புதிதா என்ன? ‘திருச்சி வைரம்’ என்று ஊர் பெயரோடு விற்றது அதுதானே. திருச்சியைச் சுற்றி, புதுக்கோட்டை வரைக்கும், வீட்டுத் திண்ணையில் சக்கரம் வைத்துப் பட்டை தீட்டிய குடும்பங்கள் எத்தனை! கடிகாரக் கல்லில் துளை போடுவது வேறு வித்தை, அதை இவர்கள் செய்தார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மில்லிமீட்டரில் சின்னப் பங்கைக் கண்ணால் அளக்கும் கைகளும், துவாக்குடியிலும் பொன்மலையிலும் கடைசல் வேலையில் தேர்ந்த கைகளும் இருக்கிற ஒரு ஊரில், கடுகளவு இரும்பு அச்சு ஒன்றை உருவாக்க ஆளில்லை என்று சொல்வது அந்தக் கைகளுக்கு மரியாதை இல்லை. பழைய காலத்துக் கடிகாரக்காரர்கள் அச்சு உடைந்தால் கடைக்கு ஓடவில்லை. வில்லைப் போட்டு இழுத்துச் சுழற்றும் சின்னக் கடைசல் கருவியில் தாங்களே கடைந்தார்கள். பாகம் கிடைக்காதபோது பாகம் செய்வதும் இந்தத் தொழிலின் பகுதியாகத்தான் இருந்திருக்கிறது.

அடுத்து எச்.எம்.டி. ‘கம்பெனியே மூடியாச்சு’ என்ற வாதத்துக்கு எல்லோரும் காட்டும் சாட்சி அதுதான். எனக்கோ அதைவிட நல்ல எதிர்ச்சாட்சி கிடைக்காது. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் தொடங்கிய ஆலை அது. பிறகு தும்கூர், ஸ்ரீநகர், ராணிபாக் என்று விரிந்தது. கடிகாரப் பிரிவை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மூடியது உண்மை. ஆனால் இடையில் அந்த ஆலைகள் கோடிக்கணக்கில் செய்து தள்ளினவே, அவையெல்லாம் எங்கே போயின? மாப்பிள்ளைக்குப் போட்டது, பத்தாம் வகுப்பு தேறியதற்கு வாங்கிக் கொடுத்தது என்று அவை நம் வீடுகளில்தான் இருக்கின்றன. அதிலும் ஜனதா, பைலட், ஜவான் என்று வெளியே பெயர் மாறினாலும் உள்ளே ஓடியது 0231 என்ற ஒரே வகை மிஷின். இன்றைக்குச் சேகரிப்பாளர்கள் விலை ஏற்றிக் கேட்கும் பைலட்டுக்கு ஒரு சக்கரம் வேண்டுமென்றால், கூடு துருப்பிடித்து, டயல் தண்ணீர் பட்டுக் கறுத்துப்போன ஒரு ஜனதாவில் அது பழுதில்லாமல் இருக்கும். இவ்வளவு பாகம் ஊரெங்கும் இறைந்து கிடக்கிற கடிகாரம் இந்தியாவில் இதைப் போல் இன்னொன்று இல்லை.

ஒன்றைக் கொன்றுதானே இன்னொன்றைப் பிழைக்க வைக்கிறீர்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல நிலையில் ஓடுகிற ஜனதாவைப் பிரித்துப் பைலட்டுக்குப் போடுகிற வியாபாரம் நடக்கத்தான் செய்கிறது, அது கூடாது. நான் சொல்வது, பழுது பார்க்கவே முடியாதபடி போனதைப் பற்றி. கூரை விழுந்த வீட்டின் தேக்கு நிலையை எடுத்துப் புது வீட்டுக்கு வைத்தவர்கள் நம் பாட்டன்மார். அதை யாரும் கொலை என்று சொல்லவில்லை.

இப்போது அந்தப் ‘பேட்டரி மிஷின்’ யோசனைக்கு வருகிறேன். என்னை உண்மையாகக் கோபப்படுத்துவது அதுதான். ஏதோ தற்காலிக ஏற்பாடு போல, பிறகு வேண்டுமானால் பழையதைப் போட்டுக்கொள்ளலாம் என்பது போல அதைச் சொல்கிறார்கள். டயலுக்கு அடியில் சின்னதாக இரண்டு உலோகக் கால்கள் இருக்கும். அவை மிஷின் தகட்டிலுள்ள இரண்டு துளைகளில் இறங்கி நிற்பதால்தான் டயல் அசையாமல் இருக்கிறது. பேட்டரி மிஷினில் அந்தத் துளைகள் அதே இடத்தில் இருக்காது. ஆகவே முதலில் கால்களை வெட்டிவிடுகிறார்கள். டயலைப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். பழைய முட்களின் துளை புது மிஷினுக்குப் பொருந்தாது, முட்களும் போய்விடும். கூட்டில் சாவித் தண்டு நுழையும் துளையின் உயரமும் ஒத்துவராது. அதை அகலப்படுத்துவார்கள், இல்லையென்றால் தண்டு வளைந்தே நிற்கும். இதெல்லாம் அந்தப் பத்து நிமிஷத்துக்குள். கால் வெட்டிய டயலை அதன் சொந்த மிஷின் திரும்பத் தாங்காது. என் கடிகாரத்தில் இதைச் செய்திருந்தால், ஆறு மணி இடத்துக் குட்டி வட்டத்துக்குள் இருக்கும் அந்த ஊசி முள்ளைப் பிடுங்கி எறிந்திருப்பார்கள். சாதாரணப் பேட்டரி மிஷினில் அந்த இடத்தில் விநாடி முள்ளே கிடையாது. வெறும் வட்டம் மட்டும் மிஞ்சியிருக்கும், கண் பிடுங்கிய குழி மாதிரி.

கழற்றிய பழைய மிஷின் எங்கே போகிறது என்று எப்போதாவது கேட்டிருக்கிறோமா? அதை வீட்டுக்குக் கேட்டு வாங்கிக்கொள்பவர் அரிது. ‘பார்ட்ஸ் கிடைக்காத’ அந்த மிஷினில் ஒரே ஒரு அச்சு உடைந்திருக்கும், மற்ற அத்தனை பாகமும் நன்றாக இருக்கும். இப்படிப் பாகம் இல்லை என்று சொல்லியே பாகங்களைக் குப்பைக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

செலவு என்றொரு வாதம் இருக்கிறது. விற்றால் ஐந்நூறு ரூபாய்கூடப் பெறாத கடிகாரத்துக்கு அதைப்போல நாலு மடங்கு செலவா என்கிறார்கள். பாட்டி வைத்திருந்த பித்தளை அண்டாவுக்கு வருஷா வருஷம் ஈயம் பூசினோமே, அப்போது யாராவது அண்டாவை விற்றால் என்ன வரும் என்று கணக்குப் போட்டோமா? பூசுகிறவரின் வேலைக்குக் கூலி கொடுத்தோம். இங்கேயும் கொடுக்க வேண்டியது வேலைக்கான கூலி. பேட்டரி மிஷின் மாற்ற ஆகும் நேரம் பத்து நிமிஷம். பேலன்ஸ் அச்சு மாற்றுவதென்றால் பழைய அச்சைச் சக்கரம் வளையாமல் எடுக்க வேண்டும், புதியதை அடித்துப் பதிக்க வேண்டும், சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அரை நாள் போய்விடும். பாகம் தேடி நாலு பேருக்குப் போன் போட்ட நேரம் அதில் சேராது. அந்த நேரத்துக்கு நாம் காசு தருவதில்லை. தராதபோது ‘கிடைக்காது’ என்று சொல்வதுதான் பழுது பார்ப்பவருக்குக் கட்டுப்படியாகும். 1980-களில் ஓசூரில் வந்த ஆலையிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் வந்து சந்தையை நிறைத்த பிறகு, இந்தத் தொழிலில் இருந்தவர்களின் பிள்ளைகள் ஏன் செல்போன் கடைக்குப் போனார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆகவே இந்தக் கட்டுரையில் நான் முதலில் குற்றம் சாட்டுவது வாடிக்கையாளர்களான நம்மைத்தான்.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து வேறொரு குரல் வருகிறது. அது சேகரிப்பாளர்களின் குரல். ஆலையிலிருந்து வந்தபடியே இருந்தால்தான் மதிப்பு, ஒரு பாகம் மாற்றினாலும் அது கலப்படம் என்கிறார்கள். இந்தியாவில் சரிசெய்த கடிகாரங்களைப் ‘பம்பாய் ஸ்பெஷல்’ என்று வெளிநாட்டுக்காரர்கள் கேலி பேசுவதும் இதைச் சேர்ந்ததே. அந்தக் கேலியில் ஒரு பாதி நியாயம் உண்டு, அதை ஒப்புக்கொள்கிறேன். பழைய டயலைச் சுரண்டி, பளபளக்கும் வண்ணம் அடித்து, இல்லாத பெயரை எழுதி அரிய கடிகாரம் என்று விற்பது ஏமாற்று வேலை. எச்.எம்.டி. மூடிய பிறகு பைலட் பெயரில் அப்படி எத்தனையோ வந்துவிட்டன. ஆனால் டயலுக்குப் பொய் வண்ணம் பூசுவதையும் உடைந்த அச்சுக்குப் பதிலாக அதே எண்ணுள்ள அச்சைப் போடுவதையும் ஒன்றாக்கிப் பேசுவது அநியாயம். ஓடுவதற்காகச் செய்த பொருள் அது. அச்சும் ஸ்பிரிங்கும் தேயும், மாற்ற வேண்டும் என்று தெரிந்துதான் செய்தவர்களே அவற்றுக்கு எண் போட்டுத் தனியாக விற்றார்கள்.

ஸ்ரீரங்கம் பெரிய கோயிலைப் பாருங்கள். அங்கே நடந்த திருப்பணிக்கு 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. எதையும் தொடாமல் விட்டதற்காகக் கொடுத்த விருது அல்ல அது. பழுதானதைப் பழைய முறைப்படியே சீர்செய்ததற்காகக் கொடுத்தது. அந்தக் கோபுரத்தை ஒருவர் கலப்படம் என்று சொல்லட்டும், பார்க்கலாம்! அந்தக் காலத்துக்கே உரிய பாகமா, அதே அளவா, செய்ததை மறைக்காமல் சொல்கிறோமா என்பதுதான் கேள்வி. சுண்ணாம்பு இருந்த இடத்தில் சுண்ணாம்பு வைப்பது திருப்பணி. சிமெண்டை அப்புவது வேறு. பேட்டரி மிஷின் என் கணக்கில் சிமெண்ட்.

எல்லாமே கிடைத்துவிடும் என்று சொன்னால் நானும் பொய் சொன்னவன் ஆவேன். டயல் கிடைக்காது. அதுவும் பெயர் தெரியாத கடிகாரத்தின் டயல் என்றால் தேடுவதே வீண். கறை படிந்திருந்தால் கறையோடு விட்டுவிடுவதுதான் நல்லது. முட்களும் கூடும் அப்படித்தான், அதிர்ஷ்டம் இருந்தால் உண்டு. மிஷினையும் சொந்தமாகவே செய்த கம்பெனிகள் உண்டு. 1865-லிருந்து இந்தியாவில் வியாபாரம் செய்த பேவர்லூபா, 1960-களில் இரண்டு ஸ்பிரிங் டப்பா வைத்துச் செய்த 251 வகை மிஷினுக்கு வேறு கம்பெனிப் பாகம் எதுவும் பொருந்தாது. அதற்கும் அந்தக் கம்பெனியின் கடிகாரம் அதிகம் விற்ற நம் நாட்டில்தான் முதலில் தேட வேண்டும். சில பாகங்கள் கிடைக்காமல் போவதற்கு வயது காரணமே அல்ல. ஈட்டாவை வைத்திருக்கும் ஸ்வாட்ச் குழுமம் 2015 முடிவோடு வெளி மொத்த வியாபாரிகளுக்குப் பாகம் கொடுப்பதை நிறுத்தியது. பிரிட்டனில் கசின்ஸ் என்ற வியாபாரி நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. நம் நாட்டில் பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022-இல் ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவி, செல்போன், வீட்டுச் சாதனம், வாகனம் என நான்கு துறையை எடுத்துக்கொண்டார்கள். கைக்கடிகாரத்தை யாரும் நினைக்கவில்லை. அதற்காகக் கேட்க வேண்டிய நாம்தான் ‘கிடைக்காது’ என்பதை விதி மாதிரி ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோமே.

என் கடிகாரத்தில் உடைந்திருந்தது பேலன்ஸ் அச்சு. அதற்காகப் பெரியவர் மூன்று வாரம் தேடினார். “அதிர்ச்சி தாங்கற ஸ்பிரிங் இல்லாத பழைய 1130. அதுக்கு அச்சு வேற, மாத்திக் குடுத்துடப் போறான்” என்று ஒவ்வொரு போனிலும் அழுத்திச் சொன்னார். வந்தது பென்சில் முனை பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய். டஜன் இருக்க வேண்டியதில் மூன்று அச்சு மிச்சம். லென்ஸில் பார்த்தேன். இரு முனையும் தலைமுடி மாதிரி மெலிந்திருந்தன. அந்த மெலிவுதான் மணிக்கு 18,000 தடவை சக்கரம் ஆடுவதைத் தாங்கப் போகிறது. மறுநாள் மாலை பேலன்ஸை இறக்கி வைத்தார். கை எடுத்த அடுத்த நொடி அது தானாகவே ஆடத் தொடங்கியது. ஆறு மணி வட்டத்துக்குள் ஊசி முள் நகர்ந்தது. அப்பா போன பிறகு முதன்முறையாக அதைப் பார்க்கிறேன்.

போன மாசம் மணப்பாறையில் ஒரு பழைய இரும்புக் கடை வாசலில், உடைந்த மின்விசிறி மோட்டாருக்குப் பக்கத்தில் தராசில் ஒரு மரப்பெட்டி இருந்தது. பத்துப் பன்னிரண்டு தட்டு இழுப்பறைகள். ஒன்றை இழுத்தேன். வரிசை வரிசையாகச் சின்னக் காகிதப் பொட்டலங்கள், ஒவ்வொன்றின் மேலும் மை மங்கிய கையெழுத்தில் எண்கள். கடிகாரக் கடை வைத்திருந்த ஒருவர் இறந்துவிட்டாராம், வீட்டைக் காலி செய்கிறவர்கள் போட்டுவிட்டுப் போனார்களாம். கடைக்காரர் பித்தளை விலைக்குக் கேட்டார், கொடுத்தேன். அதைத்தான் நானும் பெரியவரும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்து அடுக்கிக்கொண்டிருக்கிறோம். அவர் லென்ஸ் வைத்து எண்ணைப் படிக்கிறார். நான் நோட்டில் எழுதுகிறேன். ஏ.எஸ்., எஃப்.எச்.எஃப்., ஈட்டா, 0231 என்று தனித்தனிப் பக்கம். இன்னும் நான்கு இழுப்பறை பாக்கி.

உங்கள் வீட்டுக் கடிகாரத்துக்குப் பாகம் வேண்டுமென்றால் டயலில் என்ன பெயர் என்று எங்களிடம் சொல்ல வேண்டாம். மூடியைத் திறக்கச் சொல்லி, பேலன்ஸுக்குக் கீழே இருக்கும் எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.